பொறியும் புள்ளியும்

தமிழ் பயிலும் மாணாக்கர்க்கும் தரவுத்தளத்துக்கும் யாது உறவு என்று இம்மலரைப் புரட்டும் அன்பருள் ஒருசிலர் வினவக்கூடும். அவ்வினாவை யாமும் எம்மை நோக்கிப் பன்முறை வினவியதுண்டு. காந்திபுரத்தில், நூறடிச் சாலைக்குப் பின்னுள்ள சந்தொன்றில், தமையனாருடன் மாடியறையில் வதியும் யாம், நகரப் பேருந்துகளின் ஊதொலிக்கிடையே அசை பிரித்தும் சீர் வகுத்தும் பழகியவரேயன்றிப் பொறிகளோடு பழகியவரல்லேம். ஆயினும், சென்ற கோடை விடுமுறையில் எம் கல்லூரி அலுவலகத்தார் எம்மை அழைத்து, தடித்த பதிவேடுகள் மூன்றினை எம் முன் வைத்து, "இவற்றிலுள்ள பழைய மாணாக்கர் பெயர்களையெல்லாம் கணிப்பொறியில் ஏற்றித் தருக. தமிழ்ப் பிழை நேரலாகாது என்பதற்காகவே தமிழ் மாணாக்கரை நாடினோம்" என்றனர். தமிழ்ப் பிழை நேரலாகாது என்ற அச்சொல்லே பின்னர் எம்மைப் பன்னாள் உறங்கவொட்டாது செய்தது.

தரவுத்தளம் என்பது யாதெனின், பேரேட்டினைப் போன்ற அட்டவணைகளின் தொகுதி என்று இப்போதைக்குக் கொள்க. ஒரு மாணாக்கர்க்கு ஒரு வரி. பெயர், தலைப்பெழுத்து, ஊர், சேர்ந்த ஆண்டு என்பன பத்திகள். இன்ன ஊரினர் யாவர், இன்ன ஆண்டினர் எத்துணைப் பேர் என்று அதனை வினவுதற்கென்றே ஒரு மொழி உண்டு, எஸ்.க்யூ.எல். என்பது அதன் பெயர். எட்கர் காட் என்னும் அறிஞர் 1970இல் வெளியிட்ட கட்டுரையின் கொள்கையை அடியொற்றி, ஐ.பி.எம். நிறுவனத்துச் சேம்பர்லின், பாய்ஸ் என்னும் இருவர் 1974இல் அம்மொழியை வகுத்தனர். யாம் கைக்கொண்டது ரிச்சர்ட் ஹிப் என்பார் 2000இல் வெளியிட்ட எஸ்.க்யூ.லைட் என்னும் விலையில்லாத் தரவுத்தளம். அன்பர் ஒவ்வொருவரும் சட்டைப்பையிற் சுமக்கும் கைப்பேசியினுள்ளும் அஃது ஒளிந்திருக்கின்றது.

அம்மொழியினுள் ஆக்கியோரே அமைத்து வைத்த சிறு கருவிகள் பல உள. அவற்றைப் பங்ஷன் என்பர். செயற்கூறு என்று தமிழிற் கூறுவோம். செயற்கூறுகள் இருவகைப்படும். ஈரோட்டு மஞ்சள் மண்டியைக் கண்டவர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். மூட்டை ஒவ்வொன்றையும் தராசிலேற்றி, இதன் நிறை இத்துணை என்று அதனதன் மேலேயே எழுதுவது ஒரு வேலை; மூட்டைகள் அனைத்தையும் கூட்டி, மொத்தம் இத்துணைக் குவிண்டால் என்று ஈற்றில் ஓர் எண்ணை எழுதுவது மற்றொரு வேலை. முன்னதைப்போல, ஒவ்வொரு வரிக்கும் ஒவ்வொரு விடையைத் தருவன ஸ்கேலர் செயற்கூறுகள். யாம் ஈண்டுக் கூறப் புகுந்தது இவற்றைப் பற்றியே. மொத்தங் கூறுவன வேறு. அவை எமக்கு யாதொரு தீங்கும் இழைத்தில.

எம் முதற் பகை லெங்த் என்னும் செயற்கூறு. ஒரு சொல்லைத் தந்தால் அதன் நீளத்தைக் கூறுவது அதன் தொழில். பெயர்களை ஏற்றிய முதல் மாலையில், விளையாட்டாக, யாம் வதியும் ஊரின் பெயரையே அதற்கு இட்டோம். கா, ந், தி, பு, ர, ம் என்று விரல்விட்டு எண்ணினும் காந்திபுரம் ஆறெழுத்துச் சொல். பொறியோ பதினொன்று என்றது. பிழையாகத் தட்டினோம் போலும் என்றெண்ணித் 'தமிழ்' என இட்டோம். ஐந்து என்றது! மூன்றெழுத்துச் சொல்லென்று பள்ளிச் சிறாரும் அறிந்த தமிழை ஐந்தெழுத்தென்று கூறும் பொறியொடு யாது வழக்காடுவது? கோயம்புத்தூர் என்னும் ஏழெழுத்துக்குப் பதின்மூன்று என்றது. தமையனார் தம் மில் அலுவலகத்தில் பயன்படுத்தும் மைஎஸ்க்யூஎல் என்னும் வேறொரு தரவுத்தளத்தில் அதே சொல்லை அதே பெயருடைய செயற்கூற்றுக்கு இட்டபோது முப்பத்தொன்பது என்று வந்தது. யாம் வெகுண்டு நின்றதைக் கண்ட அவர் நகைத்து, "அது எழுத்தை எண்ணுலீடா தம்பி, குறியை எண்ணுது. இது பைட்டை எண்ணுது" என்றார்.

அவர் கூறியதன் பொருளை அறிய எமக்கு ஒரு வாரம் ஆயிற்று. உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் எண் வழங்கும் யூனிகோட் என்னும் முறை 1991இல் முதற்பதிப்பாக வெளிவந்தது. அதில் தமிழுக்கு ஒதுக்கிய இடங்கள் 128. 2944 முதல் 3071 வரையிலான எண்கள் அவை. இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகள் அவ்விடத்துள் அடங்கா என்பது வெளிப்படை. ஆகலின் உயிர் பன்னிரண்டும், அகரமேறிய மெய்களும், உயிர்க்குறிகளும், புள்ளியும், ஆய்தமும், தமிழெண்களும் மட்டுமே தனித்தனி எண் பெற்றன. 'கா' என்பது 'க' என்னும் 2965ஆம் எண்ணும், காலுக்குரிய 3006ஆம் எண்ணும் சேர்ந்த இரண்டு. 'ம்' என்பது மகரமும், 3021 என்னும் புள்ளியும் சேர்ந்த இரண்டு. எனவே காந்திபுரத்தில் 'ர' ஒழிந்த ஐந்தும் இரட்டித்துப் பதினொன்றாயின. யூ.டி.எப்.-8 என்னும் சேமிப்பு முறையில் தமிழ்க்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் கொள்ளுதலின், பதின்மூன்று மும்மடங்காகி முப்பத்தொன்பதாயிற்று. பொறி பொய் கூறிற்றில்லை. யாம் வினவியது ஒன்று, அது விடையிறுத்தது பிறிதொன்று.

இவ்விடத்து இலக்கணம் பயில்வார் சற்றே நின்று நோக்கத்தக்க செய்தியொன்று உளது. கொங்கு நாட்டார் தம் மண்ணினர் என்று உரிமை பாராட்டும் பவணந்தியார் முதலாக நம் இலக்கணிகள் கூறும் நெறியில், மெய்யே முதலது. அதனோடு அகரம் கூடியவழிக் ககரம் பிறக்கும். பொறியின் நெறியில் ககரமே முதலது. அதனிற் புள்ளியிட்டு அகரத்தைக் கழித்தவழி மெய் பிறக்கும். நாம் கூட்டுவதை அது கழிக்கின்றது. எழுதுங்கால் நம் கையும் ககரத்தை வரைந்த பின்னரே புள்ளியிடுகின்றதாகலின், பொறி ஓசையைப் பின்பற்றாது கையைப் பின்பற்றிற்று என்று எம்மைத் தேற்றிக்கொண்டோம். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 1988இல் வகுத்த இஸ்கி முறையினின்று இவ்வமைப்பு வந்தது என்பர். எழுத்து வரிசையும் அதன்வழிப்பட்டதே. நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் நிற்கக் காணும் தமிழ் மாணாக்கர் மனம் புழுங்குவர், நாமும் புழுங்கினோம்.

இக்குறை நம்மவர் அறியாததன்று. 2010ஆம் ஆண்டு ஜூன் 23 முதல் 27 வரை இக்கோவை மாநகரிலேயே உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நிகழ்ந்தது. தமிழ் இணைய மாநாடும் அதனுடன் கூடிற்று. அக்காலை யாம் மூன்று நான்கு வயதினம். கூட்டத்திற் காணாமற் போய்த் தாயாரை அழவைத்தோம் என்பதன்றி வேறறியேம். தமிழக அரசு அவ்வாண்டில் யூனிகோடையும், அதனோடு டேஸ்-16 என்னும் முறையையும் தரமாக ஏற்றது. டேஸ்-16இல் ஒவ்வொரு தமிழெழுத்துக்கும் ஒவ்வோரெண் உண்டு. அதன்படி எண்ணினால் தமிழ் மூன்றெழுத்தே. ஆயினும் உலகத்துக் கருவிகள் பழகியது யூனிகோடையே. எம் பதிவேடும் அதனிலேயே அமைந்தது.

நிற்க. உள்ள கருவிகளைக் கொண்டே எழுத்தெண்ண ஒரு வழி கண்டோம். ரிப்ளேஸ் என்னும் செயற்கூறு, சொல்லினுள் ஒன்றைக் களைந்து மற்றொன்றை வைக்கும், ஒன்றுமில்லாததையும் வைக்கும். கால் முதலாகிய உயிர்க்குறிகள் பதினொன்று, புள்ளியொடு பன்னிரண்டு. இப்பன்னிரண்டையும் ஒன்றினுள் ஒன்றாகப் பன்னிரண்டு ரிப்ளேஸ்களால் துடைத்துவிட்டு, எஞ்சியதை லெங்த்தினிடம் ஒப்புவித்தால், தமிழ் மூன்று, காந்திபுரம் ஆறு, கோயம்புத்தூர் ஏழு என்று பொறி பணிவுடன் கூறிற்று. உயிர் பன்னிரண்டு என்பதும், துடைக்கவேண்டிய குறி பன்னிரண்டு என்பதும் ஒத்து நின்றமை கண்டு யாம் மகிழ்ந்தோம். அகரத்துக்குக் குறியில்லை, அதன் இடத்தைப் புள்ளி நிரப்பிற்று.

அம்மகிழ்ச்சியில் ஒரு குறும்பும் செய்தோம். கட்டளைக் கலித்துறையின் அடி நேரசையில் தொடங்கின் ஒற்று நீக்கிப் பதினாறெழுத்தும், நிரையசையில் தொடங்கின் பதினேழும் பெறவேண்டும் என்பது அன்பர்கள் அறிந்ததே. சொல்லிடை வெளிகளைத் துடைத்து, எழுத்தெண்ணி, அதனினின்று புள்ளிகளின் தொகையைக் கழித்தால் ஒற்று நீங்கிய கணக்கு வந்துவிடும். எம் வகுப்புத் தோழர் ஒருவர் தாம் பாடிய கலித்துறையொன்றினைப் பெருமிதத்துடன் காட்ட, அதனை இக்கருவியிலிட்டு மூன்றாமடியில் ஓரெழுத்துக் குறைவு என்று கூறினோம். அவர் இரண்டு நாள் எம்மொடு பேசினாரில்லை.

அப்பர் என்று ஒரு செயற்கூறும் உண்டு. பெயரைக் கண்டு தேவாரம் பாடியவரோ என மயங்கற்க. ஆங்கிலச் சிற்றெழுத்தைப் பேரெழுத்தாக்குவது அதன் தொழில். தமிழுக்கு அது செய்யக்கூடியது யாதுமில்லை. நம் எழுத்தில் பெரிதும் சிறிதும் இல்லையன்றோ!

இதுகாறும் கூறியவை விளையாட்டு. இனிக் கூறப்போவது எம் பிழை.

கல்வியாண்டின் தொடக்கத்தில், பழைய மாணாக்கர் தரும் பொருளினின்று எளிய மாணாக்கர் சிலர்க்குக் கட்டண உதவி வழங்குவது எம் கல்லூரியின் வழக்கம். எம் பதிவேட்டு வேலையைக் கண்டு உவந்த அலுவலகத்தார், விண்ணப்பித்தோர் பட்டியலையும் எம்மையே ஏற்றித் தருமாறு பணித்தனர். அறுபத்து மூவர் விண்ணப்பம் வந்தது. தலைப்பெழுத்து ஒரு பத்தி, பெயர் ஒரு பத்தி. அச்சிடுங்கால் முதலதையும், ஒரு புள்ளியையும், அடுத்ததையும் ஒட்டி முழுப்பெயராக்கும்படி வினவலை எழுதினோம். தட்டச்சிடும்போது இடையிடையே வெற்று வரிகள் சில விழுந்திருந்தன. அவை பட்டியலில் வாராவாறு, முழுப்பெயரின் லெங்த் இரண்டிற்கு மேற்பட்டவர்களை மட்டும் தருக என்று ஒரு நிபந்தனையும் சேர்த்தோம். டிரிம் என்னும் செயற்கூற்றால் முன்னும் பின்னும் ஒட்டியிருந்த வெற்றிடங்களையும் நறுக்கினோம். அழகிய பட்டியல் ஒரு வெள்ளிக்கிழமை மாலை அறிவிப்புப் பலகையேறிற்று. திங்கட்கிழமை மாலைக்குள் பெயருடையோர் வந்து கையொப்பமிடவேண்டும் என்பது விதி.

திங்களன்று நண்பகலில் முதலாண்டு மாணவி ஒருவர் அலுவலக வாயிலில் நெடுநேரம் நின்றிருந்தார். உள்ளே வரக் கூசி நின்றார் போலும். எழுத்தர் அம்மையார், "என்ன கண்ணு?" என்று வினவியபோது, "லிஸ்ட்டுல எம்பேரு இல்லீங்க. குடுக்கலைன்னா பரவாயில்லீங்க, ஊருக்குச் சொல்லோணும்" என்றார். அவர் வீட்டிற்குச் சொல்லவிருந்தது, கல்லூரியை விட்டு நின்றுவிடுகின்றேன் என்பதையே என்று பின்னர் அறிந்தோம்.

அம்மையார் விண்ணப்பக் கட்டினைப் புரட்டினார்; விண்ணப்பம் இருந்தது. உதவி வழங்கலாம் என்ற குறிப்பும் இருந்தது. யாம் தரவுத்தளத்தைத் திறந்தோம். அட்டவணையிலும் பெயர் இருந்தது. பட்டியலை எண்ணினோம், அறுபத்திருவரே இருந்தனர். அட்டவணைக்கும் பட்டியலுக்கும் இடையே, எம் வினவலினுள், ஒரு பெண் காணாமற் போயிருந்தார்.

காரணம் இது. விண்ணப்பத்தில் தந்தையார் பெயரின் முதலெழுத்து என்ற இடத்தில் அம்மாணவி யாதும் எழுதியிருக்கவில்லை. தாயார் ஒருவரே வளர்த்த பிள்ளை. அவர் எழுதாததை யாமும் எழுதாது விட்டோம். தரவுத்தளத்தில் எழுதாது விட்ட இடம் வெற்றிடமன்று; அதற்கு நல் என்று பெயர். (நல் என ஒலிப்பினும் அதனால் விளைந்தது நன்மையன்று.) இன்மை என்று அதனைத் தமிழாக்குவோம். வெற்றுச்சொல் என்பது நீளம் சுழியாகிய ஒரு சொல். இன்மையோ, இன்னதென்று அறியப்படாமை. அறியப்படாத ஒன்றோடு அறிந்த ஒன்றை ஒட்டினால் விளைவதும் அறியப்படாததே என்பது அம்மொழியின் நெறி. எனவே தலைப்பெழுத்தின் இன்மை பெயரையும் விழுங்கி, முழுப்பெயர் முழுவதும் இன்மையாயிற்று. இன்மையின் லெங்த் யாது? அதுவும் இன்மை. இன்மை இரண்டினும் பெரிதோ? ஆம் என்றும் அன்று என்றும் கூறவொண்ணாது. கூறவொண்ணாத வரியை வினவல் கைவிடும். பிழையென்று ஓர் எச்சரிக்கையும் இல்லை. செயற்கூறு ஒவ்வொன்றும் தனக்கு விதித்ததைச் செவ்வனே செய்தது. தந்தை பெயர் இல்லை என்ற ஒன்றற்காக, ஒரு மாணவி பெயரே இல்லாதவரானார்.

இதனை நெறியென்று வகுத்தோர் அறிவிலிகள் அல்லர். ஒருவருடைய வயது தெரியாதவிடத்துச் சுழியென்று கொண்டு கூட்டினால் கணக்குப் பொய்க்கும். தெரியாததைத் தெரியாததாகவே வைத்திருத்தல் நேர்மை. அந்நேர்மையை யாம் அறிந்திருக்கவேண்டும், அறிந்திலேம். அட்டவணையில் அறுபத்து மூவர், பட்டியலில் அறுபத்திருவர் என்று ஒப்பிட்டுப் பார்க்க அரை நிமிடமும் ஆகாது, அதுவும் செய்திலேம்.

மாற்று எளிதே. கோஅலெஸ் என்றொரு செயற்கூறு உண்டு. அதனிடம் பலவற்றை வரிசையாகத் தந்தால், இன்மையல்லாத முதலாவதை எடுத்துத் தரும். தலைப்பெழுத்து இருப்பின் தலைப்பெழுத்து, இல்லையேல் வெற்றுச்சொல் என்று ஒரு சொல்லில் கூறிவிடலாம். 2023 நவம்பரில் வெளிவந்த எஸ்.க்யூ.லைட் 3.44ஆம் பதிப்பில், இன்மையைத் தாண்டி மற்றவற்றை ஒட்டித் தரும் செயற்கூறும் சேர்ந்துள்ளது. யாம் நிறுவியிருந்த பதிப்பு அதற்கு முந்தையதாகலின் கோஅலெஸையே நாடினோம். அறுபத்து மூன்றாம் பெயர் அக்கணமே திரையில் தோன்றிற்று.

தோன்றிய பெயரை அம்மாணவிக்குக் காட்டி, நிகழ்ந்ததைக் கூறிப் பொறுத்தருள வேண்டினோம். அவர் எம்மைக் கடிந்தாரில்லை. சற்றுத் தயங்கி, "அம்மா பேரோட எழுத்தைப் போடலாமுங்களா?" என்று கேட்டார். போடலாம் என்றார் அம்மையார். தாயார் பெயரை ஒரு பத்தியில் ஏற்றி, அதன் முதலெழுத்தைப் பொறியே எடுத்துக்கொள்ளும்படி சப்ஸ்டர் என்னும் செயற்கூற்றை எழுதினோம். சொல்லின் இன்ன இடத்திலிருந்து இத்துணை எழுத்துத் தருக என்றால் அது தரும். முதலிடத்திலிருந்து ஒன்று தருக என்றோம். 'ப.' என்று வந்தது. மாணவி திரையைக் கூர்ந்து நோக்கி, "ப இல்லீங்க, பொ" என்றார்.

லெங்த்தினிடம் கற்ற பாடத்தைச் சப்ஸ்டரிடம் மறந்தோம்! எழுத்து ஒன்று கேட்டால் குறி ஒன்று தருவதே அதற்கும் இயல்பு. பொன்னம்மாளும், பழனியம்மாளும், பேச்சியம்மாளும் அதற்கு ஒரே பகரந்தான். கோயம்புத்தூர் என்பதனைப் பன்னிரண்டு குறியளவில் நறுக்கச் சொன்னால் ஈற்றுப் புள்ளியை உதிர்த்துவிட்டுக் 'கோயம்புத்தூர' என்று தரும். ஒற்று ஒன்று உயிர்மெய்யாகிவிடும். இரண்டாவது குறி யாது என்று நோக்கி, அது பன்னிரு குறிகளுள் ஒன்றாயின் இரண்டு தருக, அன்றேல் ஒன்று தருக என்று, இன்ஸ்டர் என்னும் தேடுஞ் செயற்கூற்றைத் துணைக்கொண்டு திருத்தினோம். மாலை மணி நான்கிற்கு அம்மாணவி கையொப்பமிட்டார். தாயார் பெயரின் முதலெழுத்துக் கொம்பும் காலும் பெற்றுப் பட்டியலில் நின்றது.

அன்றிரவு யாம் உணவு கொள்ளவில்லை. தமையனார் கிராஸ்கட் சாலைக்கு அழைத்துச் சென்று தேநீர் வாங்கித் தந்து, தம் அலுவலகத்தில் தாம் செய்த பிழைகளைக் கூறி ஆற்றினார். அவர் பிழைகளில் எவரும் கல்லூரியை விட்டு நிற்கவிருந்ததில்லை என்று யாம் கூறவில்லை.

அதன் பின்னர்ப் பழைய பதிவேட்டை மீண்டும் தொடக்கத்திலிருந்து நோக்கலானோம். அப்பொழுது மற்றொன்று வெளிப்பட்டது. பதிவேட்டின் ஒரு பகுதியை முன்பே எவரோ பழைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சிட்டு வைத்திருந்தனர். அதனை யூனிகோடுக்கு மாற்றும் கருவியொன்றால் மாற்றிச் சேர்த்திருந்தோம். தம் பெயர் ஏடேறியதைக் காணவேண்டுமென்று முதியவர் ஒருவர், கைத்தடியுடன் பேருந்தேறி வந்தார். பொகரத்தில் தொடங்கும் பெயர். தேடினோம், இல்லை என்றது பொறி. அவரோ எம் தோளின் வழியே திரையை எட்டி நோக்கி, "அதா இருக்குதே தம்பி" என்று விரல் வைத்துக் காட்டினார். கண்ணுக்குத் தெரிகின்ற பெயரை இல்லையென்றது பொறி.

யூனிகோட் என்ற பெயரிலேயே ஒரு செயற்கூறு உண்டு. குறியின் எண்ணைக் கூறும். அதனைக் கொண்டு இரண்டு பெயர்களையும் குறிகுறியாகப் பிரித்தோம். யாம் தட்டிய 'பொ'வில் பகரமும் 3018 என்னும் ஒரே குறியும் இருந்தன. ஏட்டிலிருந்த 'பொ'வில் பகரமும், 3014 என்னும் கொம்பும், 3006 என்னும் காலும் எனக் குறி மூன்றிருந்தன. திரையில் இரண்டும் ஒன்றே. இவ்விரண்டும் ஒன்றெனக் கொள்ளற்பாலன என்று யூனிகோட் விதியே கூறுகின்றது, ஆயினும் எஸ்.க்யூ.லைட்டின் ஒப்பீடு அவ்விதியை நோக்குவதில்லை. போஸ்ட்கிரெஸ் என்னும் பெருந்தரவுத்தளத்தில் இவற்றை ஒருவடிவாக்கும் செயற்கூறு 2020இல் வெளியான 13ஆம் பதிப்பு முதல் உண்டு. எமக்கு வாய்த்தது ரிப்ளேஸே. கொம்பும் காலும் இணைந்துவரின் 3018. இரட்டைக்கொம்பும் காலும் இணைந்துவரின் 3019. இரண்டு வரிகளில் முதியவர் பெயர் அகப்பட்டது. அவர் தம் பெயரைத் தாமே ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டுப் புறப்பட்டார்.

ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு என்ற வேறுபாட்டினை நினைக்குந்தோறும் வீரமாமுனிவர் எம் நினைவுக்கு வருவார். எகர ஏகார ஒகர ஓகாரங்கள் வடிவில் மயங்கிக் கிடந்ததனை 18ஆம் நூற்றாண்டில் அவர் பிரித்துக் காட்டினார் என்பர். ஏட்டில் அவர் தீர்த்துவைத்த மயக்கம், பொறியினுள் வேறோர் உருவில் எமக்காகக் காத்திருந்தது.

வெற்றிக் களிப்பில் ஔகாரத்தையும் திருத்தப் புகுந்தோம். ஔகாரக் குறி 3020. அதனை அறியாதார் பலர் கொம்பையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டிச் சௌந்தரத்தையும் கௌசல்யாவையும் ஆக்கியிருந்தனர். கண்ணுக்கு வேறுபாடில்லை. கொம்பையடுத்து ளகரம் வரின் 3020 ஆக்குக என்று ஒரு ரிப்ளேஸ் எழுதி ஏடு முழுவதிலும் ஓட்டினோம். சௌந்தரம் திருந்தினாள். ஆயின் அடுத்த பக்கத்தில், நம் மேற்கு மலையின் பெயரைத் தாங்கிய வெள்ளியங்கிரிகள் ஒன்பதின்மர், 'வௌ'வும் அதன் தலையில் ஒட்டாது தொங்கும் புள்ளியும் 'ளி'யுமாகச் சிதைந்து நின்றனர். வெள்ளையம்மாள்களும் அவ்வாறே. வெள்ளியில் உள்ள கொம்பும் ளகரமும் மெய்யாகவே கொம்பும் ளகரமும் என்பதைப் பொறி யாங்ஙனம் அறியும்? ளகரத்தையடுத்துப் புள்ளி வரின் தொடாதே என்று விலக்கினோம்; 'தெளிவு' போன்றவற்றுக்காகப் பிற குறிகள் வரினும் தொடாதே என்றோம். அதன் பின்னரும் குறியேதுமின்றி நிற்கும் ளகரங்கள் எஞ்சின. ளகரமோ ஔகாரத்தின் பிற்பாதியோ என்பதைச் சொல்லின் பொருளறிந்தே துணியவேண்டும். அதற்குரிய செயற்கூற்றை எவரும் இன்னும் அமைத்திலர்.

நல்லவேளையாக, ஓட்டுமுன் ஏட்டின் படியொன்றை எடுத்துவைத்திருந்தோம். திங்கட்கிழமை கற்பித்த பாடம் அது. எஞ்சிய பெயர்களைத் தனியே பிரித்து அச்சிட்டுக்கொண்டோம், நாற்பத்தேழு வந்தன. நாள்தோறும் மாலையில், பேருந்து நிலையத்து இரைச்சல் சற்றே அடங்கியபின், பதிவேட்டின் மூலப்பக்கத்தோடு ஒவ்வொன்றையும் ஒப்புநோக்கிக் கையாலேயே திருத்துகின்றோம். இதனை எழுதும் இன்று இன்னும் பன்னிரண்டு எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்று பதிவேட்டிலேயே மை கலைந்து கிடக்கின்றது. அவ்விடத்தை இன்மையென்றே விட்டு, பெயர் அச்சில் விடுபடாதவாறு கோஅலெஸ் எழுதி வைத்துள்ளோம்.